கர்ப்பப்பைக் கட்டிக்குச் சிறுதுளை அறுவை: பலன் தருமா என்பதை முன்கூட்டியே அறியலாம்

தொழிற்சாலை வேலைக்குக் காலையில் கிளம்பும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். வயது 41. இரண்டு பிள்ளைகள். மாதத்தில் ஏழெட்டு நாள்களுக்கு அவர் கறுப்பு நிறக் கால்சட்டையைத் தவிர வேறெதையும் அணிவதில்லை. கைப்பையில் எப்போதும் மாற்றுத் துணி இருக்கும். பேருந்தில் இடம் கிடைத்தாலும் உட்காருவதில்லை. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயதாகிறது, எடை கூடிவிட்டது என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொள்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை.

ஒருநாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் கிளினிக்குக்குச் செல்கிறார். ஸ்கேன் செய்து பார்த்ததில் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிகிறது. அன்று முதல் ஆளுக்கொரு யோசனை வருகிறது. "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு? மொத்தமா எடுத்துப் போட்டுட்டு வா" என்கிறார் அம்மா. "என் அண்ணிக்குச் சின்ன ஓட்டை போட்டு எடுத்தாங்க, மூணாம் நாளே வீட்டுக்கு வந்துட்டாங்க" என்கிறார் உடன் வேலை செய்பவர். "ஓட்டை போட்டு எடுத்தும் எனக்குத் திரும்ப வந்துடுச்சு, வீண் செலவு" என்கிறார் பக்கத்து வீட்டு அக்காள்.

இம்மூவரில் யார் சொல்வது சரி? மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஏனெனில், மூவரும் பேசுவது ஒரே கட்டியைப் பற்றியல்ல.

கர்ப்பப்பை நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, பற்றிய கலந்துரையாடல்களில் பெண்கள் அதிகம் எழுப்பும் கேள்வி, "சிறுதுளை அறுவை நல்லதா, வயிற்றைத் திறந்து செய்வது நல்லதா?" என்பதுதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "என்னுடைய கட்டிக்கு, என்னுடைய தேவைக்கு, இந்தச் சிகிச்சை எந்த அளவுக்குப் பலன் தரும்?" என்பதே அது. இதற்கான பதிலைக் கத்தியை எடுப்பதற்கு முன்பே மருத்துவரால் பெருமளவு கணித்துச் சொல்ல முடியும். அந்தக் கணிப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பெண்களும் அவர்களின் குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது அவசியம்.

கட்டி என்றதும் பயம் வேண்டாம்

கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையின் ஓர் உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகி உருண்டையாகத் திரள்வதே நார்க்கட்டி. இது புற்றுநோய் அல்ல. பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டு ஹார்மோன்களே இதற்குத் தீனி. அதனால்தான் பூப்பெய்துவதற்கு முன் இக்கட்டி காணப்படுவதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, 50 வயதை எட்டுவதற்குள் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கும் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கும் இக்கட்டி உண்டாகிறது. அவர்களில் பலருக்குத் தங்கள் உடலில் கட்டி இருப்பதே தெரியாது. ஆகவே, ஸ்கேன் படத்தில் கட்டி தெரிந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை.

தொந்தரவு இருந்தால்தான் சிகிச்சை. ஏழு நாள்களுக்கு மேல் நீடிக்கும் மாதவிலக்கு, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய நிலை, கட்டி கட்டியாக வெளியேறும் இரத்தம், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய உந்துதல், அடிவயிற்றில் பாரம், மலச்சிக்கல், பிள்ளைப்பேறின்மை, அடிக்கடி கருச்சிதைவு ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றில் இரத்தப்போக்கே அதிகமான பெண்களை வாட்டுகிறது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இருந்தால் அது இரத்தச்சோகை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 8-க்கும் கீழ் போனால் கடுமையான சோகை. மாடிப்படியில் மூச்சு வாங்குவதற்கு வயது காரணமாக இல்லாமல், இதுவே காரணமாக இருக்கலாம்.

எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி

கட்டி எத்தனை செண்டிமீட்டர் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். மருத்துவர் முதலில் பார்ப்பதோ, அது எங்கே இருக்கிறது என்பதை.

கர்ப்பப்பையை ஒரு வீடாகக் கற்பனை செய்துகொள்வோம். நடுவில் கூடம். சுற்றிலும் தடித்த சுவர். அதற்கு அப்பால் வெளிப்புறம். அனைத்துலக மகப்பேறு, பெண்நல மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட வகைப்பாடு, கட்டிகளுக்கு 0 முதல் 8 வரை எண் கொடுக்கிறது. கூடத்திற்குள்ளேயே காம்பில் தொங்குவது 0. பாதிக்கு மேல் கூடத்திற்குள் துருத்திக்கொண்டு, மீதி சுவருக்குள் இருப்பது 1. பாதியோ அதற்கு மேலோ சுவருக்குள் புதைந்திருப்பது 2. முழுக்கச் சுவருக்குள் இருந்துகொண்டு கூடத்தின் உட்பூச்சைத் தொடுவது 3. எதையும் தொடாமல் சுவருக்குள்ளேயே இருப்பது 4. வெளிப்புறமாகப் புடைத்திருப்பவை 5, 6. வெளியே காம்பில் தொங்குவது 7. கர்ப்பப்பை வாய் போன்ற மற்ற இடங்களில் இருப்பவை 8.

இந்த எண்ணைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? கூடத்திற்குள் இருக்கும் இரண்டு செண்டிமீட்டர் கட்டி ஒரு பெண்ணை இரத்தச்சோகையில் படுக்க வைத்துவிடும். வெளிப்புறத்தில் தொங்கும் ஆறு செண்டிமீட்டர் கட்டியோ, மாதவிலக்கை அநேகமாகத் தொடுவதே இல்லை. அதிக இரத்தப்போக்குக்காக வெளிப்புறக் கட்டியை எடுத்தால், அறுவை சிகிச்சை நல்லபடியாக முடியும். தழும்பும் சிறியதாக இருக்கும். ஆனால் இரத்தப்போக்கு நிற்காது. மருத்துவருக்கு அது வெற்றியாகத் தோன்றலாம். அந்தப் பெண்ணுக்கு அது தோல்விதான்.

வெற்றி என்று எதைச் சொல்கிறோம்?

ஆகவே, சிகிச்சைக்குப் போகும் பெண் தமக்கு எது வெற்றி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு இரத்தப்போக்கு நின்றால் போதும். இன்னொருவருக்குக் குழந்தை வேண்டும். மற்றொருவருக்கு வயிற்றுப் பாரம் குறைய வேண்டும். கர்ப்பப்பையை எக்காரணத்தாலும் இழக்கக்கூடாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இனி ஒருபோதும் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி ஒருபோதும் கட்டி வரக்கூடாது என்பதுதான் நோக்கமென்றால், கர்ப்பப்பையை அகற்றுவது ஒன்றே அதற்கு உறுதியான வழி. பிள்ளைகள் பெற்று முடித்த ஒரு பெண், எல்லாம் தெரிந்த பின் தாமே விரும்பி அந்த முடிவை எடுத்தால் அதில் தவறில்லை. வேறு வழி இருக்கிறதா என்று கேட்காமலேயே, மற்றவர் சொன்னார்கள் என்பதற்காக அந்த முடிவுக்குத் தள்ளப்படுவதுதான் தவறு.

குழந்தை வேண்டுவோருக்குக் கணிப்பு வேறு விதமானது. கூடத்திற்குள் இருக்கும் கட்டி கரு தங்குவதைக் கெடுக்கிறது. அதை அகற்றினால் வாய்ப்பு கூடுகிறது. வெளிப்புறக் கட்டி கருத்தரிப்பதைப் பாதிப்பதில்லை. அதைக் குழந்தைக்காக மட்டும் அகற்றுவதால் பயனில்லை. சுவருக்குள் இருக்கும் கட்டிகளில்தான் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்டியின் அளவு, கூடத்தை அது நெருக்குகிறதா, கணவருக்கு ஏதேனும் குறை உள்ளதா என எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பிள்ளையில்லாத வீட்டில் பழியை முழுக்கப் பெண்ணின் கட்டியின் மேல் போட்டுவிட்டு, கணவர் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுவது நம் குடும்பங்களில் புதிதல்ல. கணவரையும் பரிசோதிக்காமல் செய்யப்படும் கணிப்பு அரைகுறையானது.

மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறை

கூடத்திற்குள் இருக்கும் கட்டிகளுக்கு வயிற்றில் துளையே தேவையில்லை. பிறப்புறுப்பு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி, கட்டியைச் சீவி எடுத்துவிடலாம். இதற்கு ஹிஸ்டிரோஸ்கோப்பி என்று பெயர். அமெரிக்காவின் நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் நியூவிர்த்தும் அவரது சக மருத்துவரும் 1976-ஆம் ஆண்டிலேயே இம்முறையைப் பதிவு செய்தனர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பிவிடலாம்.

இந்தச் சிகிச்சை எவ்வளவு எளிதாக முடியும் என்பதை முன்கூட்டியே கணிக்க, பிரேசில் மருத்துவர் ரிக்கார்டோ லாஸ்மாரும் அவரது குழுவினரும் 2005-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். இதில் ஐந்து விவரங்கள் பார்க்கப்படுகின்றன.

முதலாவது, அளவு. 2 செண்டிமீட்டர் வரை 0, 5 வரை 1, அதற்கு மேல் 2. இரண்டாவது, கூடத்தில் கட்டி இருக்கும் உயரம். கீழ்ப்பகுதி 0, நடுப்பகுதி 1, மேல்பகுதி 2. மூன்றாவது, கட்டியின் அடிப்பாகம் சுவரில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு வரை 0, மூன்றில் இரண்டு பங்கு வரை 1, அதற்கு மேல் 2. நான்காவது, சுவருக்குள் எவ்வளவு புதைந்திருக்கிறது. புதையவே இல்லை என்றால் 0, பாதி வரை 1, பாதிக்கு மேல் 2. ஐந்தாவது, கட்டி பக்கவாட்டுச் சுவரில் இருந்தால் கூடுதலாக 1.

கூட்டிப் பார்த்து 4 வரை வந்தால் எளிய அறுவை. 5 அல்லது 6 என்றால் கடினமானது. மருந்தால் கட்டியைச் சுருக்கிவிட்டுச் செய்யவோ, இரண்டு தடவையாகச் செய்யவோ நேரிடலாம். 7 முதல் 9 வரை என்றால் வேறு வழியை யோசிப்பதே நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு. இரு பெண்களுக்கும் 4 செண்டிமீட்டர் கட்டி. முதலாமவருக்கு அது கூடத்தின் கீழ்ப்பகுதியில், சிறிய காம்பில் தொங்குகிறது. அளவுக்கு மட்டும் 1. மொத்தமே 1. இரண்டாமவருக்குக் கட்டி மேல்பகுதியில் இருக்கிறது. அடிப்பாகம் சுவரில் பாதி இடத்தைப் பிடித்திருக்கிறது. பாதிக்கு மேல் புதைந்தும் இருக்கிறது. அளவுக்கு 1, உயரத்துக்கு 2, அடிப்பாகத்துக்கு 1, புதைவுக்கு 2. மொத்தம் 6. ஸ்கேன் அறிக்கையில் இருவருக்கும் எழுதியிருப்பது "4 செண்டிமீட்டர்" என்றுதான். ஒருவருக்கு ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும். மற்றவர் இரண்டாவது தடவையும் வர நேரிடலாம்.

ஏன் இரண்டு தடவை? இந்த அறுவையின்போது கூடத்தை விரிப்பதற்காகத் திரவத்தைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்துவிடும். கட்டி பெரியதாகவும் ஆழமாகவும் இருந்தால் நேரம் நீளும். கலக்கும் திரவமும் கூடும். உப்புநீராக இருந்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் உடலுக்குள் சென்றதும் அறுவையை நிறுத்திவிட வேண்டும் என்பது வழிகாட்டி நெறி. மீறினால் நுரையீரலில் நீர் கோத்து ஆபத்தாகிவிடும். ஆகவே, பாதியில் நிறுத்தும் மருத்துவர் தோற்றுவிட்டவர் அல்லர். அவர் நோயாளியின் உயிரைக் காப்பவர். ஆனால் அப்படி நேரலாம் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

தொப்புள் வழியே கேமரா

சுவருக்குள்ளும் வெளிப்புறத்திலும் இருக்கும் கட்டிகளுக்கு லேப்பராஸ்கோப்பி பயன்படுகிறது. தொப்புளருகே கேமராவும், வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் வழியே கருவிகளும் செல்கின்றன. நார்க்கட்டி தன்னைச் சுற்றி ஓர் உறை போன்ற எல்லையைக் கொண்டது. ரம்புத்தான் தோலைக் கீறி அழுத்தினால் சுளை தனியாக வெளிவருவதுபோல், சுவரைக் கீறினால் கட்டி முழுசாக வெளியே வந்துவிடும்.

கட்டியை எடுப்பது பாதி வேலைதான். குழியைப் பல அடுக்குகளாகத் தைத்து மூடுவது மறுபாதி. தையல் வலுவாக இல்லாவிட்டால், பின்னாளில் கர்ப்பத்தின்போது கர்ப்பப்பை அந்த இடத்தில் பிரியும் அபாயம் உண்டு. இது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நிகழ்கிறது என்றாலும், குழந்தை வேண்டும் பெண்களுக்கு அறுவை செய்பவரின் தையல் அனுபவம் முக்கியம். சுவர் ஆழமாக வெட்டப்பட்டிருந்தால், பிரசவ வலி வரும்வரை காத்திராமல் சிசேரியன் செய்யும்படி மருத்துவர்கள் ஆலோசனை கூறுவதுண்டு.

இம்முறையில் எவை கணிப்பைப் பாதிக்கின்றன? கட்டி ஒன்றிரண்டாக, 8 முதல் 10 செண்டிமீட்டருக்குள் இருந்தால் சிறுதுளையில் முடிக்கும் வாய்ப்பு அதிகம். நாலைந்துக்கு மேல் சிதறிக் கிடந்தாலோ, கர்ப்பப்பை வாய்க்கு அருகே பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டி இருந்தாலோ, அறுவை நீளும். இரத்த இழப்பு கூடும். பாதியில் வயிற்றைத் திறக்கவும் நேரலாம். இன்னொன்றும் உண்டு. வயிற்றைத் திறந்து செய்யும்போது மருத்துவர் விரலால் தடவிப் பார்த்து, பட்டாணி அளவுக் கட்டியையும் கண்டுபிடிப்பார். துளை வழியே அந்தத் தொடு உணர்வு கிடைக்காது. பல கட்டிகள் உள்ளவருக்குச் சிறியவை தங்கிவிடலாம். பக்கத்து வீட்டு அக்காளுக்குத் "திரும்ப வந்துடுச்சு" என்றது இப்படியும் இருக்கலாம்.

ரோபோ உதவியோடு செய்வதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2005-ஆம் ஆண்டில் பெண்நல அறுவைகளில் அனுமதி அளித்தது. தையல் போடுவதற்கு அது வசதியான கருவி. ஆனால் செலவு அதிகம். கருவி மாறுவதால் கட்டியின் இடமோ எண்ணிக்கையோ மாறிவிடாது.

ஸ்கேன் படத்தில் கட்டிபோல் தெரியும் வேறொன்று

கணிப்பு பொய்த்துப்போவதற்கு ஒரு முக்கிய காரணம், அடினோமையோசிஸ் என்னும் வேறொரு நோய். கர்ப்பப்பையின் உட்பூச்சு தசைச் சுவருக்குள் ஊடுருவிப் பரவுவது இது. இதிலும் இரத்தப்போக்கும் வலியும் உண்டு. கர்ப்பப்பையும் பெரிதாகும். ஆனால் இதற்கு எல்லை கிடையாது. துணியில் ஊறிய எண்ணெயைப்போல் பரவியிருப்பதால், ரம்புத்தான் சுளையாக எடுக்க முடியாது. சிலருக்கு நார்க்கட்டியும் இதுவும் சேர்ந்தே இருக்கும். அப்போது கட்டியை மட்டும் எடுத்தால், பழைய தொல்லை பெருமளவு நீடிக்கும்.

அனுபவமுள்ளவர் செய்யும் உள்வழி ஸ்கேன் பெரும்பாலும் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால், பல கட்டிகள் இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது. அது வெறும் படமல்ல. எங்கே கீறுவது, எத்தனை எடுப்பது என்பதற்கான வரைபடம்.

வெட்டாமல் செய்யும் முறைகள்

கட்டிக்கு இரத்தம் செல்லும் குழாயை அடைத்துவிடுவது ஒரு முறை. தொடை அல்லது மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மிகச் சிறிய மணிகளால் கர்ப்பப்பைத் தமனியை அடைப்பார்கள். பட்டினி கிடக்கும் கட்டி சுருங்கும். அறுவையின்போது இரத்தம் அதிகம் போகாமலிருக்கப் பிரான்சு மருத்துவர் ஜாக் ரவினா முன்னேற்பாடாக இதைச் செய்து வந்தார். அதற்குப் பிறகு பல பெண்களுக்குத் தொல்லையே நின்றுபோய், அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டனர். 1995-ஆம் ஆண்டில் அவர் இதை வெளியிட்டபோது இது தனிச் சிகிச்சையாகவே வளர்ந்தது.

இதன் நீண்டகாலப் பலன் என்ன? அதிக இரத்தப்போக்குள்ள பெண்களிடம் நெதர்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வில், இச்சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் கர்ப்பப்பையை இழக்காமல் இருந்தனர். எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினருக்கு அதை எடுக்க நேர்ந்தது. 254 பெண்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், குழாய் அடைப்பு, கட்டியை அறுத்தெடுத்தல் ஆகிய இரண்டிலும் பெண்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. அறுத்தெடுத்தவர்களுக்கு அது சற்று அதிகமாகவே உயர்ந்தது. கட்டிக்கு நல்ல இரத்த ஓட்டம் இருந்தால் அடைப்பு பலிக்கும். ஏற்கெனவே இரத்த ஓட்டமற்றுப் போன கட்டியில் அடைப்பதற்கு ஒன்றுமில்லை. இனி குழந்தை வேண்டும் என்போருக்கு இதை முதல் தேர்வாகப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

மற்றொன்று, ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்துக் கட்டியைச் சுடுவது. எம்.ஆர்.ஐ. வழிகாட்டுதலில் இதைச் செய்வதற்கு எஃப்.டி.ஏ. 2004-இல் அனுமதி தந்தது. இதில் கணிப்புக்கு உதவுவது கட்டியின் நிறம். ஜப்பானிய மருத்துவர் ஃபுனாக்கி குழுவினர் 2007-இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாகவும் இடைப்பட்ட சாம்பல் நிறத்திலும் தெரியும் கட்டிகள் நன்கு சுருங்குகின்றன. வெண்மையாகத் தெரிபவை சரிவரச் சுருங்குவதில்லை. நீரும் இரத்த ஓட்டமும் மிகுந்த அத்தகைய கட்டியில் வெப்பம் தங்குவதில்லை. குடல் குறுக்கே வந்தாலும், வயிற்றில் பழைய அறுவைத் தழும்பு இருந்தாலும், கொழுப்பு தடித்திருந்தாலும் இச்சிகிச்சை கடினம். "கத்தி இல்லை, தழும்பு இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன், தன் கட்டி எந்த நிறம் என்பதை ஒரு பெண் கேட்டறிய வேண்டும்.

கட்டி மட்டுமல்ல, பெண்ணின் உடலும்

ஹீமோகுளோபின் 7-இல் இருக்கும் பெண்ணை அப்படியே அறுவை மேசையில் கிடத்துவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். சில வாரங்கள் இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ கொடுத்து இரத்தத்தை ஏற்றிய பிறகு செய்தால், இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறைகிறது. மாதவிலக்கைத் தற்காலிகமாக நிறுத்தும் ஹார்மோன் ஊசி கட்டியையும் சுருக்கும். அதே ஊசி சிலருக்குக் கட்டியின் உறையை மங்கச் செய்து, பிரித்தெடுப்பதைச் சிரமமாக்கும். எனவே எல்லாருக்கும் அதைப் போடுவதில்லை.

வயதும் ஒரு கணிப்பு. 30 வயதில் கட்டியை எடுத்த பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்க இன்னும் இருபது ஆண்டுகள் உள்ளன. புதிய கட்டிகள் வளர நேரம் இருக்கிறது. 47 வயதானவருக்கு அந்தக் காலம் குறைவு. ஒரே கட்டி இருந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு, பல கட்டிகள் இருந்தவரைவிடக் குறைவு. ஆகவே இளம் வயதில், பல கட்டிகளோடு அறுவைக்குப் போகும் பெண்ணிடம், "திரும்ப வரவே வராது" என்று யாரும் உறுதி கூற முடியாது.

அரிதான ஓர் ஆபத்து

சிறு துளை வழியே பெரிய கட்டியை எப்படி வெளியே எடுப்பது? முன்பு சுழலும் கத்தியால் வயிற்றுக்குள்ளேயே துண்டு துண்டாக்கி எடுத்தார்கள். நார்க்கட்டி என்று நினைத்த ஒன்று, மிக அரிதாக, மறைந்திருக்கும் சார்க்கோமா என்னும் புற்றுநோயாக இருந்துவிட்டால், அதன் துகள்கள் வயிறு முழுக்கச் சிதறிவிடும். 2014-ஆம் ஆண்டில் எஃப்.டி.ஏ. இதைக் கடுமையாக எச்சரித்தது. நார்க்கட்டி என்று கருதி அறுவை செய்யப்படும் ஏறக்குறைய 350 பெண்களில் ஒருவருக்கு இவ்வாறு இருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. பின்னர் வந்த வேறு சில ஆய்வுகள் இதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டுள்ளன. இப்போது கட்டியை ஒரு பைக்குள் போட்டு, அதற்குள்ளேயே துண்டாக்கி எடுக்கும்படி பரிந்துரைக்கப்படுகிறது.

மாதவிலக்கு நின்ற பிறகும் கட்டி வளர்ந்தாலோ, மீண்டும் இரத்தம் கண்டாலோ, சிறுதுளை அறுவை பற்றிப் பேசுவதற்கு முன் புற்றுநோய் இல்லை என்பதை உறுதி செய்தாக வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கிலும் சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலும் முதலில் காட்டி, பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொண்டு நிபுணரிடம் சென்றால் செலவு கட்டுக்குள் இருக்கும். போகும்போது, கடைசி மூன்று மாத விலக்கு நாள்களையும், ஒரு நாளில் எத்தனை நாப்கின் மாற்ற நேர்ந்தது என்பதையும் நாட்காட்டியில் குறித்து எடுத்துச் செல்வது நல்லது. "நிறையப் போகுது டாக்டர்" என்று சொல்வதைவிட, "இரண்டாம் நாள் பதினொரு தடவை மாற்றினேன்" என்று சொல்வது மருத்துவருக்குத் தெளிவாக விளங்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. என் கட்டி எந்த வகை எண்? மொத்தம் எத்தனை?

2. எனக்கு இருக்கும் தொல்லைக்கு இந்தக் கட்டிதான் காரணமா? அடினோமையோசிஸ் இல்லை என்பது உறுதியா?

3. இச்சிகிச்சை ஒரே தடவையில் முடியுமா? பாதியில் வயிற்றைத் திறக்க வாய்ப்பு எவ்வளவு?

4. எந்தச் சூழ்நிலையில் கர்ப்பப்பையை எடுக்க நேரலாம்? அதற்கு நான் முன்கூட்டியே சம்மதம் தர வேண்டுமா?

5. இது போன்ற கட்டியை இம்முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

6. கட்டியை எப்படி வெளியே எடுப்பீர்கள்?

7. மீண்டும் வரும் வாய்ப்பு என் வயதுக்கு எப்படி?

இப்படிக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். ஏனெனில், இதே கேள்விகளைத்தான் அவரும் தமக்குள் கேட்டுக்கொண்டு முடிவெடுக்கிறார். பதில் திருப்தியாக இல்லையென்றால் இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் நோயாளியின் உரிமையே.

தொடக்கத்தில் பார்த்த அந்த 41 வயதுப் பெண்ணுக்கு, அம்மா சொன்னபடி கர்ப்பப்பையை எடுப்பதே ஏற்றதாக இருக்கலாம். அல்லது, துளைகூட இல்லாமல் ஒரு பகலில் முடியும் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். அதைச் சொல்லக்கூடியவர் அம்மாவும் அல்லர், அண்டை வீட்டாரும் அல்லர். அவருடைய ஸ்கேன் படமும், அவருடைய இரத்தப் பரிசோதனையும், தமக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லும் சொல்லும் சேர்ந்துதான் அதைச் சொல்லும். அதற்கு முதலில், கறுப்புக் கால்சட்டைக்குள் இத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்ததை அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் மயங்கி விழும் நாள்வரை வீட்டில் உள்ளவர்கள் காத்திருக்கக் கூடாது. "ஏம்மா, மாடி ஏறினா ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று வீட்டில் ஒருவர் இன்றே கேட்டால் போதும். அவர் கிளினிக்குப் படியேறிவிடுவார்.